அக்கா பாலிஷ் போட்ட மாதா பெட்டி

என் அக்காவின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அன்பியத்தாரே, எல்லாருக்கும் வணக்கம். சாப்பாட்டுப் பந்தி போட இன்னும் நேரம் இருக்கிறது. உட்கார்ந்து படியுங்கள்.

அச்சகத்துக்காரர் மாதிரிக்கென்று பழைய நினைவு மலர்கள் நாலைந்தைக் கொடுத்தார். எல்லாவற்றிலும் இறந்தவர் பொறுமையின் சிகரம், உறவினர்கள் அன்பின் ஊற்று. என் அக்கா பொறுமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உறவினர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும். பிடிக்காதவர்கள் மலரை மடித்து வைத்துவிட்டு வடை பாயசத்துக்குக் காத்திருக்கலாம்.

அக்கா பெருமுக்கல்லில், மலைக்குக் கீழே, கல் உடைக்கும் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் கடைசி மகள். அம்மா என்னைப் பெற்ற சூட்டோடு போய்விட்டதால் என்னைக் குளிப்பாட்டியதும் தலை வாரியதும் அடித்ததும் அக்காதான். மரக்காணத்தில் உப்பளத்து மேஸ்திரி ஒருவருக்கு அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அது யாருடைய குறை என்று அக்காவிடம் கேட்காத உறவினர் யாராவது இங்கே இருந்தால் கையைத் தூக்கலாம்.

அத்தான் மஞ்சள் காமாலையில் போன பிறகு அக்கா அளத்தில் கூலிக்கு இறங்கினார். பாத்தியில் உப்பு வாரி, கூடையில் சுமந்து, வரப்பில் குவிக்கும் வேலை. காலெல்லாம் வெடித்துப் புண்ணாகும். சாயங்காலம் வந்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் நான் தையல் மிஷினோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்காவுக்கு ஒரே ஒரு ஆடம்பரம் உண்டு. எது கையில் கிடைத்தாலும் பளபளவென்று தேய்த்து வைப்பார். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

இனி பெரியவரைப் பற்றி. அத்தானின் அண்ணன் அவர். ஊரே பெரியவர் என்று சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குத் தலைவர். தெருவில் ஜெபம் நடந்தாலும், கோயில் திருவிழாவுக்கு வரி பிரித்தாலும், அவர் வாயைத் திறந்த பிறகுதான் மற்றவர்கள் திறப்பார்கள். தம்பி இருந்தவரைக்கும் அக்காவை நல்லபடி நடத்தியவர், தம்பி போனதும் அக்காவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்.

2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஏறி வந்தது உங்களுக்குத் தெரியும். குப்பங்களில் உயிர் போனது. எங்கள் பக்கம் பாத்திகள் சேறாகிப்போயின, வரப்புகள் கரைந்தன. அதன் பிறகு பல மாதம் அளத்தில் வேலை என்பதே பேருக்குத்தான். கோயிலுக்கு அரிசி, பாய், பாத்திரம் என்று வந்து இறங்கியதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு பெரியவருக்கு வந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் நஷ்டம், உப்பளத்துக் கூலிக்குக் கடலால் என்ன நஷ்டம் என்று சொல்லி அக்காவைத் திருப்பி அனுப்பினார். அக்கா வீட்டுக்கு வந்து அழவில்லை. நேராகப் பங்குச் சாமியாரின் முன்னாலேயே பெரியவரைக் கேட்டார்.

"மாமா, பாத்தி போயிடுச்சின்னா கூலி எங்கேருந்து வரும்? நீங்களே சொல்லுங்க."

சாமியார் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அரிசி மூட்டையைப் பார்த்தார். அன்று அக்காவுக்கும், அக்காவுக்குப் பின்னால் நின்ற அளத்துப் பெண்கள் எல்லாருக்கும் அரிசி கிடைத்தது. பெரியவர் அந்த நிமிடத்தைச் செத்தாலும் மறக்க மாட்டார். மறக்கவும் இல்லை.

அடுத்த அக்டோபர் வந்தது. வெளியூர் உறவினர்களுக்காக ஒரு விவரம் சொல்கிறேன். ஜெபமாலை மாதத்தில் எங்கள் தெருவில் மாதா சொரூபத்தைப் பெட்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவோம். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். மறுநாள் சாயங்காலம் பாட்டோடு அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். எந்த வீட்டையும் தாண்டக் கூடாது. பிள்ளை இல்லாத வீடு, புருஷன் குடிக்கிற வீடு, பேச்சுவார்த்தை இல்லாத வீடு, எல்லா வாசலிலும் அன்றைக்குக் கோலம் இருக்கும். வருடம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத எங்கள் வீட்டில் அந்த ஒரு சாயங்காலம்தான் தெருவே வந்து முழங்கால் போடும். அக்கா அந்த ஒரு நாளுக்காகச் செப்டம்பரிலேயே சுவருக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கிவிடுவார்.

கடலுக்குத் தப்பியதற்கு நன்றியாகப் பெரியவர் அந்த வருடம் புதுப் பெட்டி செய்து கொடுத்தார். தேக்கு. முன்பக்கம் இரண்டு கதவு, மேலே தூக்கித் திறக்கும் மூடி. அரக்குப் பாலிஷ் போட்டு இழைத்து, மூடியில் ட்யூப் லைட் அப்படியே தெரிந்தது. அடியில் பித்தளைத் தகட்டில் அவர் குடும்பத்தின் பெயர். அழகான பெட்டி என்பதை நான் மறுக்கவில்லை. முதல் நாள் பெரியவர் வீட்டில். மறுநாள் எங்கள் வீடு.

பெரியவர் வீட்டில் அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி, உப்பும் மிளகும் காணிக்கை வைத்தார்கள். வழக்கம்தான். ஆனால் தட்டில் வைக்கவில்லை. மாதாவின் தலைக்கு மேல் இருக்க வேண்டும் என்று மூடியிலேயே ஒரு துணியை விரித்து, அளத்திலிருந்து வந்த, ஈரம் காயாத பச்சை உப்பைக் குவித்து விட்டார்கள். மழைக் காற்றில் உப்பு என்ன செய்யும் என்பது மரக்காணத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் உப்பை மரப்பலகையில் வைக்க மாட்டோம், சட்டியில்தான் வைப்போம். காணிக்கை என்றதும் அந்த அறிவெல்லாம் எங்கே போனதோ, உப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உப்பு கசியும் என்பதை மறந்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் உப்பை வழித்துப் போட்டுவிட்டு, தூறலுக்காக மூடியை மட்டும் பிளாஸ்டிக் தாளால் பொதிந்து, மேலே சரிகைத் துணி போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் அந்தத் தாளைப் பிரிக்கவே இல்லை. கதவை மட்டும் திறந்து வைத்தோம். எங்கள் உப்பையும் மிளகையும் தரையில் தட்டில் வைத்தோம்.

அடுத்த வீட்டுக்குத் தூக்கும் நேரத்தில், மழை விட்டிருந்ததால் தாளை எடுத்தார்கள். மூடி முழுவதும் மாவு கொட்டியது போல வெள்ளை பூத்திருந்தது. துடைத்தார்கள், போகவில்லை. அத்தனை பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியவர் என்ன சொன்னார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இந்த மலரை வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். ஆனாலும் அச்சில் இருக்கட்டும்.

"இந்த வூட்டுக்கு எது வந்தாலும் இப்படித்தான் ஆவுது. என் தம்பியும் இங்கதான் போனான். அடுத்த வருஷத்துலேர்ந்து மாதா இங்க வராது."

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் உங்கள் கையாலேயே உப்பைக் குவித்தவர்கள் நீங்கள். அக்கா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெட்டி பாட்டோடு கிளம்பிப் போனது.

அதன் பிறகு பெரியவர் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே பெட்டியைச் சரிசெய்தார். கடையில் டப்பா வார்னிஷ் வாங்கி, அந்த வெள்ளையின் மேலேயே பிரஷ்ஷால் அடித்தார். மழைக்காலம். அது காயவே இல்லை. கொசு ஒட்டியது, மெழுகுவர்த்திப் புகை ஒட்டியது. கிறிஸ்துமஸ் அன்று மேலே போட்டிருந்த சரிகைத் துணியை எடுத்தபோது பாதித் துணி பெட்டியிலேயே நின்றுவிட்டது. சொரூபத்தைப் பீடத்துக்கு மாற்றிவிட்டு, பெட்டியைப் பூசைச் சாமான்கள் வைக்கும் சக்ரீஸ்து அறை மூலையில் தள்ளினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அக்காவிடம் சொன்னதற்கு ஒரு வேளை முழுக்க என்னோடு பேசவில்லை.

பொங்கல் கழிந்து அக்கா சாமியாரிடம் போனார். பெட்டியைத் தன்னிடம் கொடுத்தால் பழையபடி ஆக்கித் தருவதாகக் கேட்டார். அரிசி கொடுத்தபோது இருந்த சாமியார் மாற்றலாகிவிட்டார், இவர் ஊருக்குப் புதியவர், யாரோடும் வம்பு வேண்டாம் என்று இருப்பவர். மூலையில் கிடப்பதுதானே, எடுத்துப் போங்கள் என்றார். அக்கா அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டி, தெருவே பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இடையஞ்சாவடி மரப் பட்டறை ஒன்றில் பாலிஷ் போடும் பாய் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் மனைவிக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் வந்து பார்த்தார். பாய் தன் வேலையைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வதில் மன்னர். வெள்ளைக்காரர்களே தன் மேஜையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று தொடங்கியவர், மூடியைத் தொட்டதும் நிறுத்திவிட்டார்.

"யாரும்மா இதும் மேல வார்னிஷ் அடிச்சது? அவன் கையை உடைக்கணும். உள்ள உப்பு இருக்கச் சொல்லோ எத்தப் பூசினாலும் வெள்ளை பூக்கும்."

அவருக்கு வேலையைச் செய்து கொடுக்க நேரம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காயப் போட்டு, உப்பு மேலே வர வர மறுபடி துடைக்க வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் தொட்டு, வட்டம் வட்டமாக இழுக்க வேண்டும். கையை நடுவில் நிறுத்தினால் போச்சு, பஞ்சு ஒட்டிக்கொண்டு போட்டதையெல்லாம் பிய்த்துவிடும். மேகம் போட்ட நாளில் தொடவே கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, இது பொம்பளைகளுக்கு வராது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா சுரண்டத் தொடங்கினார். மூடியைச் சுற்றி விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். அதற்குள், வார்னிஷுக்கு அடியில், உப்பு பொருக்குத் தட்டிக் கிடந்தது. உப்போடு மிளகும் இருந்தது. எங்கள் மிளகு தரையில் தட்டில் இருந்தது என்பது மாதாவுக்குத் தெரியும். நான் அதை ஒரு காகிதத்தில் மடித்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது பெரியவர் முகத்துக்கு நேராக நீட்டுவேன் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே தென்னங்குச்சியால் பள்ளத்தைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் கூட்டி வாசலில் கொட்டிவிட்டார்.

"அத்த வச்சி என்னா பண்ணப் போற? எனக்குப் பெட்டி நல்லாவணும். மாதா நம்ம வூட்டுக்கு வரணும். சண்டை போட்டா வருமா?"

சண்டை போடாவிட்டாலும் வராது என்று நான் சொன்னேன். அக்கா துணியை நல்ல தண்ணீரில் பிழிந்து மூடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஸ்பிரிட் வாங்கப் போனதில் இன்னொரு கூத்து. எங்கள் பக்கம் ஸ்பிரிட் என்றாலே கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். எதற்கு என்பது ஊருக்கே தெரியும். ஒரு விதவை பாட்டிலில் ஸ்பிரிட் வாங்கிப் போகிறாள் என்ற செய்தி, அக்கா வீடு வந்து சேருவதற்குள் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா சாராயம் காய்ச்சுகிறார் என்றார்கள் சிலர், குடிக்கிறார் என்றார்கள் சிலர். வாசலில் உட்கார்ந்து தேய்த்தால்தான் வெயில் கிடைக்கும் என்பதால், போகிறவர் வருகிறவர் எல்லாம் மோப்பம் பிடித்துவிட்டுப் போனார்கள். பேசியவர்களின் பெயரை எழுதினால் இந்த மலருக்கு இன்னும் இரண்டு பக்கம் சேர்க்க வேண்டியிருக்கும்.

தவக்காலம் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு அவசரம். ஒரு நாள் காலையில் மூட்டமாக இருந்தும் பஞ்சை எடுத்துவிட்டார். மத்தியானம் கடல் காற்று திரும்பியதும், அவ்வளவு நாள் ஏற்றிய பளபளப்பு கண்ணெதிரே பால் போல மங்கிப்போனது. அத்தான் போனபோதுகூட வாய்விட்டு அழாதவர், அன்று பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு அழுதார். கண்ணீர் மூடியில் விழாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் ஸ்பிரிட் நனைத்த துணியால் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

பனி விலகிய பிறகு, காற்று திரும்பும் முன்னால், அந்த இடைப்பட்ட நேரம் மட்டும் வேலை. அளத்துக்குப் போகும் நாளில் அதுவும் இல்லை. வெடித்த விரல் இடுக்கில் ஸ்பிரிட் பட்டு எரியும். கடைசியில் பாய் வந்து பார்த்தார். குனிந்து, வெளிச்சத்தில் சாய்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, தன் பட்டறையில் இப்படிச் செய்தால் பரவாயில்லை என்று சொல்வேன் என்றார். பாய் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

பித்தளைத் தகட்டைக் கழற்றி உப்பங்கழியில் எறிந்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அக்கா அதைப் புளி போட்டுத் தேய்த்துத் திரும்ப அடித்தார். பெயர் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

"பேரு அவங்களுது. பளபளப்பு நம்மளுது. போதும்."

ஈஸ்டர் அன்று பெட்டி கோயிலில் இருந்தது. மாதா பெட்டியை அன்பியத் தலைவர் நல்லபடியாகச் சீர்செய்து கொடுத்திருப்பதாகப் பூசை முடிவில் சாமியார் அறிவித்தார். அவரிடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்; பெட்டியை அக்காவிடம் கொடுத்தவரே அவர்தான் என்றாலும், எழுதிக் கொடுத்ததை மாற்றிப் படித்து வம்பை வாங்குகிறவர் அல்ல. பெரியவர் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் எழுந்துவிட்டேன். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வயிற்றில் வலி ஆரம்பித்தது. புதுச்சேரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்தபடி, சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் பார்க்கச் சொன்னார். அடித்தேன். எங்கள் முறை வரும் நாளன்று கோலம் போட்டு, பாய் விரித்து, மேஜையில் புதுத் துணி போட்டு, தட்டில் உப்பும் மிளகும் வைத்தேன். அக்கா நீலச் சேலை கட்டிவிடச் சொன்னார். தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாட்டுச் சத்தம் பெரியவர் வீட்டிலிருந்து கிளம்பியது. எங்கள் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனது. வாசலில் நின்ற என்னிடம் பெரியவர், நோயாளி வீட்டில் எதற்குக் கூட்டம், தொந்தரவு என்று நடந்துகொண்டே சொன்னார். என்ன ஒரு கரிசனம்.

நான் உள்ளே போனேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"மூடியப் பார்த்தியா? எப்டி இருக்குது?"

"கண்ணாடி மாதிரி இருக்குதுக்கா."

"வெள்ளை ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்றேன். சேலையை மாற்றிவிடச் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

அடக்கத்தன்று நடந்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அதனால் எழுதுகிறேன். கோயிலுக்கு எடுக்கும் நேரத்தில் பெரியவர் தெருக்கூட்டத்தோடு மாதா பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். அக்காவின் தலைமாட்டில் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். தகடு முன்னால் தெரியும்படி பிடித்திருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"மாதா வந்துருக்காங்க. வழிய விடும்மா" என்றார் பெரியவர்.

"உசுரோட இருக்கச் சொல்லோ இந்த வாசலத் தாண்டித்தான போனீங்க. இப்பவும் தாண்டியே போங்க" என்றேன்.

சாமியார் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். பெண்கள் சிலர் வாயில் சேலையை வைத்துக்கொண்டார்கள். நான் நகரவில்லை. பெட்டி திரும்பிப் போனது. மாதாவையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் என்று அன்றிலிருந்து என்னைச் சொல்கிறீர்கள். மாதாவிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை இதோ சொல்லிவிட்டேன்.

இனி நன்றி. புதுச்சேரியில் அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கு நன்றி. கூலியை விட்டுவிட்டு வந்து அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திய அளத்துப் பெண்களுக்கு நன்றி. அக்காவின் சவப்பெட்டிக்குத் தானே பாலிஷ் போட்டுக் கொடுத்து, கல்லறை வரைக்கும் நடந்து வந்த பாய்க்கு நன்றி. இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்துவிட்டு, இதையா அச்சடிப்பது என்று கேட்டு, பிறகு அச்சடித்த அச்சகத்துக்காரருக்கும் நன்றி.

பெரியவருக்கு ஒரு வார்த்தை. அன்று அக்கா உயிரோடு இருந்திருந்தால் உங்களை உள்ளே விட்டிருப்பார். பெட்டியை வாங்கி வைத்து, முந்தானையால் மூடியைத் துடைத்து, உங்களுக்கு நாற்காலி போட்டு, காபியும் கொடுத்திருப்பார். அப்படிப்பட்டவரின் வாசலைத்தான் நீங்கள் தாண்டிப் போனீர்கள். அவர் போய்விட்டார். இனி இந்த வீட்டில் நான்தான் இருப்பேன்.